சுற்றுச்சூழல் மேல் அக்கறை இருந்தால் கிளிப்பச்சை கட்டக் கூடாதா?

கிளிப்பச்சை:

வணக்கம். எனக்கு வயது 32, சென்னையில் வேலை, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ஐந்தாறு வருடமாக முடிந்த அளவு குப்பை சேர்க்காமல் வாழ்ந்து பார்க்கிறேன். மொட்டைமாடியில் உரத்தொட்டி, கடைக்குப் போனால் துணிப்பை, சாம்பார் வாங்கத் தூக்குச்சட்டி, இதெல்லாம் பழகிவிட்டது, இதில் எனக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் உடுத்துவதில்தான்.

எனக்கு நிறம் பிடிக்கும். கொஞ்சநஞ்சம் இல்லை. கிளிப்பச்சையில் அரக்கு பார்டர், மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ முந்தானை, பெரிய ஜிமிக்கி, கை நிறையக் கண்ணாடி வளையல், ஆபீசில் என்னைத் தேடுபவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். போன வருடம், நாங்கள் கடற்கரையில் குப்பை பொறுக்கப் போகும் குழுவில் இருக்கும் ஒரு தோழி வீட்டுக்கு வந்தாள். அன்று நான் கட்டியிருந்த காட்டன் சேலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் கலருக்கு எத்தனை குடம் சாயத்தண்ணி ஆத்துல போயிருக்குமோ" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது எனக்குள் முள் மாதிரி தங்கிவிட்டது, அதிலிருந்து 14 மாதமாகப் புதுத்துணி எதுவும் எடுக்கவில்லை, ஒன்றே ஒன்று தவிர. சூழலுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று பழுப்பு நிறத்தில் ஒரு லினன் குர்தா வாங்கினேன். 2,800 ரூபாய். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்கிறேன். நான் இல்லை அது.

இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் அத்தை. போன மாதம் ஒரு வளைகாப்பில் எல்லார் முன்னாலும், "இதே சேலைதானே நிச்சயதார்த்தத்துக்கும் கட்டினே, புருஷன் வாங்கித் தரலையா" என்று கேட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தை மாதம் தங்கை முறையில் ஒருத்திக்குக் கல்யாணம், மூன்று நிகழ்ச்சி. அதற்குள் எனக்கு ஒரு தெளிவு வேண்டும். அடர்ந்த நிறம் என்றாலே ஆற்றுக்குக் கேடா? அம்மா பீரோவில் எழுபதுகளின் நைலக்ஸ், பாலியஸ்டர் சேலைகள் ஒரு அடுக்கு இருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பிளாஸ்டிக்தானே, அதைக் கட்டலாமா? உங்களில் நன்றாகவும் உடுத்திக்கொண்டு மனசாட்சியும் உறுத்தாமல் இருப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். "எளிமையே அழகு" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், ப்ளீஸ்.

சும்மா_வந்தவன்:

எளிமையே... சரி சரி, எழுதவில்லை. அத்தைக்கு ஒரு பதில் மட்டும்: "ஆமாம் அத்தை, இதேதான், கல்யாணத்துக்கும் இதையே கட்டப்போகிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்." அதற்கு மேல் கேட்க மாட்டார்.

பனியன்_ஊர்:

திருப்பூரில் 19 வருடம், அதில் பாதிக்கு மேல் சாயப்பட்டறைப் பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. பருத்திக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம், அது நூலில் ஏற உப்பு வேண்டும், நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். வெளிர் ரோஜாவுக்கு லிட்டருக்கு 20, 30 கிராமில் வேலை முடிந்துவிடும். கருப்பு, நேவி புளூ என்றால் 80 கிராமுக்குக்கூடப் போகும். அவ்வளவு உப்பைக் கொட்டியும் சாயம் முழுசாக ஏறுவதில்லை, ஒட்டாததை எல்லாம் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்ப அலசி எடுக்க வேண்டும், தண்ணீர் அங்கேதான் போகிறது. வெளியில் இருப்பவர்கள் ஆற்றில் ஓடிய நிறத்தைப் பார்த்துப் பயந்தார்கள். நிறத்தைப் பிரித்து எடுத்துவிடலாம் அம்மா, கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் உயிர் போகிற வேலை. எங்கள் நொய்யல் ஆற்றையும் அதன் கரைக் கிணறுகளையும் கெடுத்ததில் பெரிய பங்கு உப்புக்குத்தான். 1992-ல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், சில வருடத்தில் அது எங்கள் சாயத்தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறக்காதே என்று கோர்ட்டுக்குப் போனார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்ன அன்று நான் வேலையில் இருந்தேன். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது, ஜீரோ டிஸ்சார்ஜ் இருந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். எத்தனையோ பேர் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்தோம், சிலர் பட்டறையை விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் இன்று ஒழுங்காக நடக்கிற பட்டறையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுத்து அதே வேலைக்கு விடுகிறார்கள், உப்பையும் காய்ச்சி எடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதற்கும் விலை உண்டு, காய்ச்ச எரிபொருள் வேண்டும், கடைசியில் எதற்கும் உதவாத ஒரு கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். ஆனாலும் ஆற்றில் விடுவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆகவே கேள்வி "என்ன நிறம்" என்பது இல்லை, "எங்கே சாயம் போட்டது, எத்தனை நாள் கட்டப் போகிறீர்கள்" என்பதுதான். முதல் கேள்விக்குக் கடையில் பதில் கிடைக்காது, கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் பாதிப் பேர் கருப்பு டீ-சர்ட்தான் போடுகிறார்கள், அது எளிமையாம். எங்களுக்கு அதைவிட உப்புத் தின்கிற நிறம் அபூர்வம். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் உங்கள் கிளிப்பச்சையும் சாது கிடையாது. டர்காய்ஸ் என்கிற நீலப்பச்சைச் சாயம் கலக்காமல் அந்தப் பச்சை வராது, டர்காய்ஸ் லேசில் ஒட்டாத பிடிவாதக்காரன். ஆனால் அந்தச் சேலை ஏற்கனவே உங்கள் வீட்டில் இருக்கிறது, அதற்கான உப்பும் தண்ணீரும் செலவாகி முடிந்துவிட்டது, இனிமேல் அதைக் கட்டாமல் மடித்து வைப்பதில் ஆற்றுக்கு என்ன லாபம்?

இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது. பனியன் வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட் இருக்கிறதே, அதை நிறம் நிறமாகப் பிரித்துத் திரும்பப் பஞ்சாக்கி மில்லில் நூலாக்குகிறார்கள். துணி ஏற்கனவே சாயம் போட்டது என்பதால் நூலும் நிறத்தோடேயே வரும், மறுபடி சாயம் தேவையில்லை. போர்வை, கையுறை, லுங்கி என்று போகிறது. பட்டு மாதிரி இருக்காது, கொஞ்சம் முரடு, ஆனால் தடித்த சட்டைக்கும் துணிப்பைக்கும் அருமையான துணி. அப்புறம் எங்கள் ஊர்த் துணிச்சந்தை, காதர்பேட்டை. ஏற்றுமதியில் ஆர்டர் ரத்தானது, ஒரு பட்டன் கோணலாகிக் கழித்தது எல்லாம் அங்கே வரும். உங்களுக்கு நிறம்தானே வேண்டும், ஒரு நாள் வந்து பாருங்கள், கண் கூசும். ஆனால் மலிவு என்று பத்து வாங்கினால் இத்தனை நேரம் நான் எழுதியது வீண்.

சுங்குடிப்_புள்ளி:

அண்ணன் சாயப்பட்டறைக் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் அந்தப் பழுப்பு குர்தாவைப் பற்றிப் பேச வேண்டும், அதைப் படித்ததிலிருந்து கோபம் கோபமாக வருகிறது.

பழுப்புதான் இயற்கை என்று யார் சொன்னது? மதுரையில் எங்கள் அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். நகத்து நுனியில் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் சிவப்பில் வெள்ளை நட்சத்திரம் கொட்டினது மாதிரி இருக்கும். இரசாயனச் சாயம் வருவதற்கு முன்னாலும் சோழமண்டலக் கரை முழுக்கச் சிவப்பும் நீலமும்தான். சாயவேரில் சிவப்பு, அவுரியில் நீலம், கடுக்காயும் துருப்பிடித்த இரும்பும் வெல்லத்தண்ணீரும் சேர்ந்து கருப்பு. நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றினால் பச்சை. இந்தக் கரையில் போட்ட சாயம் துவைத்தாலும் போகவில்லை என்றுதானே ஐரோப்பாக்காரன் கப்பல் எடுத்து வந்து வாங்கினான்? பளிச்சென்று உடுத்துவது நம் ஊருக்குப் புதுசா என்ன.

உங்கள் லினன் என்னவென்றால், அது ஆளிச்செடி நார். நம் ஊர் ஆலைகளுக்கு அந்த நார் பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்து கப்பலில் வருகிறது. செடி நல்ல செடிதான், தண்ணீர் அதிகம் கேட்காது, குறை சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடி, விருதுநகர் கரிசலில் மழையை மட்டும் நம்பி விளைகிற கருங்கண்ணிப் பருத்தி இருக்கும்போது பிஸ்கட் பாக்கெட் வேஷம் உங்களுக்கு எதற்கு? ஒரு டீ-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா, அது எந்தப் பருத்தி, எந்த மண், வாய்க்கால் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று பார்க்காமல் சொல்கிற சராசரி. மானாவாரிப் பருத்திக்குக் கதையே வேறு. கருங்கண்ணி இழை குட்டை, மெல்லிசு நூல் வராது, அதனால் துணி கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் துவைக்கத் துவைக்க மெத்து மெத்தென்று ஆகும்.

இயற்கைச் சாயம் என்று அட்டை தொங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். சாயம் பிடிக்கப் படிகாரம் போடுகிறவர்களும் உண்டு, மயில்துத்தம் போடுகிறவர்களும் உண்டு, இரண்டாவது செம்புச் சரக்கு, வாய்க்காலில் விட்டால் மீனுக்கு ஆகாது. மஞ்சள்கிழங்கில் போட்ட மஞ்சள் வெயிலில் நாலு நாளில் வெளுத்துவிடும், கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். அவுரி நீலம் நிற்கும். விலை கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள்.

சுங்குடி என்று கடையில் தொங்குவதில் முக்கால்வாசி மெழுகு அச்சோ ஸ்கிரீன் பிரிண்டோதான். கையால் முடிச்சுப் போட்டது என்றால் புள்ளி ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, முடிச்சு இருந்த இடம் கொஞ்சம் சுருங்கி எழும்பி நிற்கும், விரல் வைத்தால் தெரியும். பிரிண்ட் தப்பு என்று சொல்லவில்லை, நானே வீட்டில் அதுதான் கட்டுகிறேன். முடிச்சுப் போட்ட சேலை விலைக்கு அதைத் தலையில் கட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

விழுப்புரம்_டீச்சர்:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு சின்னக் கேள்வி. நான் தனியார் பள்ளியில் வேலை செய்கிறேன், சம்பளம் 14,000. தினமும் சேலை கட்ட வேண்டும், அது பள்ளி விதி. கைத்தறி, கருங்கண்ணி, அவுரி எல்லாம் எனக்கு யார் வாங்கித் தருவது? என்னிடம் இருப்பது ஆறு பூனம் சேலை, பாலியஸ்டர்தான், ஒன்று 350, 400 ரூபாய். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், ராத்திரி அலசிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். ஐந்து வருடமாக அதையேதான் மாற்றி மாற்றிக் கட்டுகிறேன், ஒன்றுகூடக் கிழியவில்லை. பீரோவில் நாற்பது கைத்தறி அடுக்கி வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டுகிறவரும் நானும் ஒன்றா? யாரையும் குத்திக் காட்டவில்லை, கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

பனியன்_ஊர்:

டீச்சர், நீங்கள்தான் இங்கே முதல் மார்க். மன உறுத்தலே வேண்டாம். அந்தச் சேலையில் ஒரே சங்கடம், துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை தண்ணீரோடு போகும். வாஷிங் மெஷினில் போட்டு அடித்தால் அதிகம், கையால் மெதுவாக அலசினால் குறையும். நீங்கள் ஏற்கனவே அதைத்தான் செய்கிறீர்கள்.

கிளிப்பச்சை:

டீச்சர், உங்கள் கேள்வி என்னைத்தான் குத்தியது, சரியான இடத்தில். நேற்று ராத்திரி உட்கார்ந்து என் பீரோவை எண்ணினேன். சேலை மட்டும் 61. அதில் இரண்டு வருடமாக வெளியே எடுக்காதது 38. பெரும்பாலும் காரணம் ஒன்றேதான், பிளவுஸ் சேரவில்லை. நான் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், பிரச்சினை அக்குளில் இருந்திருக்கிறது.

சுங்குடி அக்கா, குர்தாவுக்கு ஏதாவது வழி உண்டா? நீலம் முக்கலாமா?

சுங்குடிப்_புள்ளி:

தாராளமாக முக்கலாம், லினன் அவுரியை நன்றாகப் பிடிக்கும். திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிட்டுச் சாயக்கட்டி எடுக்கிறார்கள், அங்கிருந்து வாங்கிச் சாயம் போட்டுத் தருகிறவர்கள் கிடைப்பார்கள். ஆனால் பாலியஸ்டர் நூலால் தைத்திருப்பார்கள், தையல் மட்டும் பழுப்பாகவே நிற்கும், பரவாயில்லை என்றால் செய்யுங்கள். எனக்கு அது பிடிக்கும், வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கும்.

ஊசி_நூல்:

அக்குள் என்று பேச்சு வந்துவிட்டதால் நானும் வந்துவிட்டேன். திருச்சியில் லேடீஸ் டெய்லர், 26 வருடம்.

சேலைக்கு வயது கிடையாது. ஐந்தரை மீட்டர், தைக்காத துணி, உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அதுவே சுற்றிக்கொள்ளும், அம்மா கட்டியதைப் பேத்தி கட்டலாம். அதைக் கொல்வது பிளவுஸ்தான். நாங்கள் செய்கிற தப்பும் இதில் உண்டு. அந்தக் காலத்தில் உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத் தைப்போம், மூன்று வரிசைத் தையல் போட்டிருப்போம், உடம்பு வைத்தால் ஒரு வரிசையைப் பிரித்தால் போதும். இப்போது துணியை மிச்சம் பிடிக்கவோ, உள்ளே மடிப்புத் தெரியக் கூடாது என்றோ அரை இஞ்சில் வெட்டிவிடுகிறார்கள். அடுத்த தடவை தைக்கக் கொடுக்கும்போது "இரண்டு பக்கமும் ஒன்றரை விடுங்கள், கையிலும் விடுங்கள்" என்று சொல்லுங்கள், முகம் சுளித்தால் வேறு டெய்லரைப் பாருங்கள். ஏற்கனவே அரை இஞ்சில் தைத்ததை விட்டுவிடாதீர்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டில் வேறு நிறத்தில் ஒரு பட்டி கொடுத்து அகலப்படுத்தலாம். கையைத் தொங்கப்போட்டால் தெரியாது, தூக்கினால் அழகாகத் தெரியும். உங்களை மாதிரி நிறம் பிடித்தவர்களுக்கு அரக்கு பிளவுஸில் மாம்பழ மஞ்சள் பட்டி வைத்துக் கொடுத்திருக்கிறேன், டிசைன் என்று நினைத்து மூன்று பேர் அதே மாதிரி கேட்டு வந்தார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று நிகழ்ச்சி என்றீர்கள். மூன்று ஆரி பிளவுஸ் தைக்காதீர்கள். ஆறாயிரம், எட்டாயிரம் கொடுத்து ஆரி வேலை செய்கிறார்கள், அந்த ஒரு சேலைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி, அப்புறம் அது ஜென்மத்துக்கும் பெட்டியில். வேலையைக் கைப்பட்டியிலும் கழுத்துப் பட்டியிலும் தனியாகச் செய்யச் சொல்லுங்கள், அதைப் பிரித்து வேறு பிளவுஸில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் அரக்கில் ஒன்று, பழைய பொன் நிறத்தில் ஒன்று, உங்கள் பட்டுச் சேலையில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

சேலை இழை விட்டுப் போனால், ஜரிகை பிரிந்தால் இழை கோத்துச் சரிசெய்கிற ரஃபு அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். வயதானவர்கள்தான். அவர்களுக்குப் பிறகு யார் என்று தெரியவில்லை.

பழைய_பீரோ:

நான் கும்பகோணத்துக்காரி, வயது 71, என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். நைலக்ஸ் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லையே.

1978-ல் என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு நைலக்ஸ் சேலை கொண்டு வந்தார். எனக்கு ஊதா, பெரிய பெரிய வெள்ளைப் பூ. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, நான்தான் சுருங்கிப் போனேன். பிளாஸ்டிக் என்று சொல்கிறார்கள், இருக்கட்டும். வெளியே போட்டால் அது மண்ணில் மக்கவா போகிறது? மக்காத சாமானைப் பத்திரமாகக் கட்டுவதுதான் புத்தி. கட்டும்போது ஒன்று, அடுப்பங்கரைக்கு மட்டும் போகாதே, பற்றினால் உருகி உடம்போடு ஒட்டும். கல்யாண வீட்டில் குத்துவிளக்குப் பக்கமும் ஜாக்கிரதை. சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கட்டு, அந்தக் கூட்டத்தில் அந்தப் பூ யாரிடமும் இருக்காது.

காட்டன் சேலை எங்கள் வீட்டில் என்றைக்கும் குப்பைக்குப் போனது இல்லை. கட்டிக் கட்டி நைந்தால் பிள்ளைக்குத் தூளி, தூளி கிழிந்தால் இடுப்புத் துணி, அதுவும் போனால் அடுப்புக் கரித்துணி. நைலக்ஸ் வந்த பிறகுதான் எதை என்ன செய்வது என்று தெரியாமல் எவர்சில்வர் பாத்திரக்காரனிடம் போட்டோம், ஆறு சேலைக்கு ஒரு சின்ன அடுக்கு கொடுப்பான். என் கல்யாணப் பட்டையும் ஒருத்தன் அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பட்டு என்று ஆசைப்பட்டு வாங்குகிறான் என்று நினைத்தேன். ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காக எரித்துவிடுவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அது எம்.எஸ். புளூ. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. உன் அம்மா வீட்டில் பழைய பட்டு இருந்தால் யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே. உடல் நைந்து பார்டர் மட்டும் நன்றாக இருந்தால் பார்டரை எடுத்து வேறு சேலையில் வைக்கலாம், நைந்த பட்டில் குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். பட்டைச் சும்மா சும்மா டிரை வாஷுக்குப் போடாமல், பூந்திக்கொட்டை ஊறப்போட்ட தண்ணீரில் சாயம் போகிறதா என்று முதலில் ஒரு ஓரத்தில் பார்த்துவிட்டு அலசி நிழலில் உலர்த்து. கட்டியதும் மடித்து வைக்காதே, வியர்வை காய ஒரு ராத்திரி கொடியில் கிடக்கட்டும்.

உன் அத்தையைப் பற்றி: அவள் கட்டிக்கொண்டு வந்தது என்ன சேலை என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை அல்லவா. உன்னுடையது அவளுக்கு இத்தனை நாள் ஞாபகம் இருக்கிறது.

சும்மா_வந்தவன்:

பாட்டி, கடைசி வரிக்கு என் வணக்கம்.

எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் தாம்பூலப்பையாக வந்த துணிப்பை மட்டும் நாற்பது இருக்கும். மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்தது. இதெல்லாம் பசுமைக் கல்யாணமாம். இது சரிதானா?

பனியன்_ஊர்:

சரியில்லை தம்பி. 2018-ல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. பருத்திப் பையைச் சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 52 தடவை, எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தடவை பயன்படுத்தினால்தான் ஈடாகும் என்றார்கள். அந்தக் கணக்கில் தெருவிலும் கடலிலும் கிடக்கிற குப்பை சேரவில்லை, மாட்டின் வயிற்றில் போகிற பையும் சேரவில்லை, அதனால் அதை வைத்துப் பிளாஸ்டிக்கே மேல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் நாற்பது பையை 52 தடவை வீதம் தூக்க உங்களுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று போட்டுப் பாருங்கள். நம் பெரியவர்கள் மஞ்சப்பை ஒன்றையே அடி கிழியும் வரை கொண்டு போனார்கள்.

விழுப்புரம்_டீச்சர்:

அந்தப் பைகளை என் பள்ளிக்கு அனுப்புங்கள், பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்து வருவார்கள். யார் கல்யாணம் என்று அவர்கள் கவலைப்பட மாட்டார்கள். பள்ளிப் பெயரை இங்கே போட விருப்பமில்லை, தனிச்செய்தியில் தருகிறேன்.

கிளிப்பச்சை_தோழி:

அந்தக் குடம் கணக்குப் போட்டவள் நான்தான். லிங்க் அனுப்பிவிட்டாள். ஆமாம், அன்று நான் கருப்பு டீ-சர்ட்தான் போட்டிருந்தேன். அண்ணா, போதும், விட்டுவிடுங்கள்.

கிளிப்பச்சை:

அடிப்பாவி, நீயே வந்துவிட்டாயா.

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்தது இது. முகூர்த்தத்துக்கு அம்மாவின் அரக்குப் பட்டு. அதில் ஒரு இடத்தில் ஜரிகை விட்டிருக்கிறது, ரஃபுவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். நலங்குக்கு என் கிளிப்பச்சை. ரிசப்ஷனுக்கு அம்மாவின் நைலக்ஸ், ஆரஞ்சில் கருப்புக் கோடு, பாட்டி சொன்ன மாதிரி விளக்குப் பக்கம் போகாமல். அம்மாவிடம் கேட்டதற்கு முதலில் "அதைக் கட்டிக்கிட்டு வந்தா மானம் போயிடும்" என்றார், பத்து நிமிடம் கழித்து அவரே எடுத்துக் கொடியில் போட்டுவிட்டார், நாப்தலின் வாசனை போகட்டும் என்று. குர்தா நீலத்துக்குப் போகிறது. புதுசாக வாங்குவது ஒன்றே ஒன்று, ரொம்ப நாள் ஆசை, ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கி, கடுகு மஞ்சளில் பெரிய கட்டம். கல்யாணத்துக்கு இல்லை, ஆபீசுக்கு.

ஒரே சந்தேகம். நைலக்ஸுக்கு அம்மாவின் பழைய பிளவுஸையே போடலாம் என்று பார்க்கிறேன், அளவு எனக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. பட்டி வைத்தால் சரியாகுமா அண்ணா? அப்புறம் கண்டாங்கி நிஜக் கைத்தறியா என்று எப்படிப் பார்ப்பது?

சுங்குடிப்_புள்ளி:

கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நிஜமானது கொஞ்சம் கனக்கும், பார்டர் அகலமாக இருக்கும், ஆச்சிமார் அதைக் கெண்டைக்கால் தெரிய ஏற்றிக் கட்டுவார்கள், கொலுசு தெரிய. நீங்களும் அப்படிக் கட்டிப் பாருங்கள், உங்களுக்குப் பொருந்தும். பருத்தியா என்று சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து ஓரத்தில் நாலு இழை பிடுங்கிக் கொளுத்துங்கள், பேப்பர் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் சரி, உருகிக் கெட்டியாகக் குண்டுமணி மாதிரி நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. ரேயானும் பேப்பர் மாதிரிதான் எரியும், அதை இதில் கண்டுபிடிக்க முடியாது, கவனம்.

ஊசி_நூல்:

பட்டி வைக்கலாம். ஆனால் முதலில் பிளவுஸைத் திருப்பி உள்தையலைப் பாருங்கள், எழுபதுகளில் தைத்தது என்றால் உள்ளே கட்டாயம் துணி விட்டிருப்பார்கள், பட்டிக்கே வேலை இருக்காது. அந்தக் காலத்து நூல் இற்றுப் போயிருக்கும், எல்லாத் தையலையும் ஒரு தடவை மேலே ஓட்டச் சொல்லுங்கள். தை மாதம்தானே என்று இருக்காதீர்கள். ஐப்பசி பிறந்தால் எங்கள் கடை எதுவும் தீபாவளி முடியும் வரை ஆல்டரேஷன் எடுக்காது, அதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.